கத்திரி வெயிலில் மூட்டைப்பூச்சியும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும்

சென்னையில் ரூம் பார்க்கப் போகிறவர்கள் தண்ணி எத்தனை மணிக்கு வரும், அட்வான்ஸ் எத்தனை மாசம், வண்டியை எங்கே நிறுத்துவது என்றெல்லாம் விசாரிப்பார்கள். கட்டிலைக் கொஞ்சம் கவிழ்த்துப் பார்க்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நான் இருந்தது பழைய வண்ணாரப்பேட்டையில், ஜி.ஏ. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில். மாடிக்கு இரண்டு போர்ஷனாக மூன்று மாடி, எல்லாருக்கும் சேர்த்து ஒரே மோட்டார். பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் வருடப் பரீட்சை முடிந்ததும் கூட இருந்த இரண்டு பேரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். எனக்கு எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் சாயங்காலம் பில் போடும் வேலை கிடைத்திருந்தது. பகலெல்லாம் படிப்பு. அடுத்த பிப்ரவரியில் ஜாம் எழுதுவதாகத் திட்டம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர எழுதும் தேர்வு அது. அதற்கு வேண்டிய புத்தகங்களின் புது விலையைக் கூட்டிப் பார்த்தால், கடையில் தருவதாகச் சொன்ன ஒரு மாசச் சம்பளத்தில் பாதி போய்விடும். அந்த நிலைமையில்தான் கடி ஆரம்பித்தது.

முதலில் கொசு என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். கொசுக்கடி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும்; கொஞ்ச நேரத்தில் அமுங்கியும் விடும். மூட்டைப்பூச்சி கடித்தால் பெரும்பாலும் மூன்று நான்கு தடிப்பு ஒரே வரிசையில், படுக்கையில் பட்டிருந்த பக்கத்தில் மட்டும் இருக்கும். சிலருக்குத் தடிக்கவே தடிக்காது. அதனால் பக்கத்தில் படுத்தவனுக்கு ஒன்றுமில்லையே என்பதை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. கட்டிலைப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும்.

எங்கள் கட்டில் வீட்டோடு வந்தது. "கட்டில் ரெண்டும் சும்மாவே வெச்சுக்கோங்க கண்ணு" என்று வீட்டுக்கார அம்மா தாராளமாகச் சொல்லியிருந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போடாமல், செல்போன் டார்ச்சை மட்டும் வைத்துக்கொண்டு, தலைமாட்டுப் பலகையும் நீளச் சட்டமும் சேரும் மூலையில் காலாவதியான ஏ.டி.எம். கார்டை விட்டு வழித்தேன். முதலில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. பேனா மை கசிந்து மரத்தில் ஊறிய மாதிரி, நகத்தால் சுரண்டினாலும் போகாது. அது மூட்டைப்பூச்சியின் எச்சம், செரித்த ரத்தம். அடுத்து, ஊதினால் பறக்கும் பழுப்புத் தோல்கள். அதற்கும் உள்ளே, ஆணி அடித்த ஓட்டையைச் சுற்றி, எள்ளை விடச் சின்னதாக வெள்ளை முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கார்டின் முனையில் ஒரு முழுப்பூச்சி ஏறி, வெளிச்சத்தைக் கண்டதும் திரும்பி ஓடியது. நசுக்கினால் வருகிற அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு ஆயுளுக்கும் மறக்காது.

தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம் உண்டு. நம் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் வெப்ப மண்டல வகை, சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். முட்டை பொரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். குஞ்சு பெரிதாவதற்குள் ஐந்து முறை தோலுரிக்கும், ஒவ்வொரு முறைக்கும் ஒரு வயிறு ரத்தம் வேண்டும். ரத்தமே கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்வந்தால் பட்டினி கிடந்து செத்திருக்கும் என்று நம்புவது இதனால்தான் பலிப்பதில்லை. ஒரே ஆறுதல், கொசு போல இது நோய் பரப்புவதாக இதுவரை நிரூபணம் ஆகவில்லை. தூக்கம் போவது தனிக் கணக்கு.

வீட்டுக்கார அம்மா சொன்ன வைத்தியம் மண்ணெண்ணெய். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் செய்ததுதான். மே மாத வெக்கையில், ஒரே ஜன்னல் இருக்கிற அறையில், மரக்கட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு அதன் மேல் படுத்துத் தூங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேதியியல் படிக்காதவனுக்கும் சரியாகப் படக் கூடாது.

அப்புறம் பூச்சி மருந்து அடிக்கும் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். பெயர் வேண்டாம். முதுகில் டேங்கோடு ஒருவர் வந்தார். கட்டிலுக்கு அடியிலும் சுவரோரத்திலும் மணமான ஏதோ ஒன்றைப் பீய்ச்சினார். ஒரு வருட வாரண்டி என்று பில் எழுதிக் கொடுத்தார். கட்டிலைக் கழற்றவில்லை, ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடவில்லை. பத்து நாளில் கடி பழையபடி ஆரம்பித்தது, பில்லில் இருந்த எண் அடித்துக்கொண்டே இருந்தது. நான் வாங்க வைத்திருந்த ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரி புத்தகத்தின் விலை அப்படியே அந்த டேங்கில் போயிற்று.

யாரையாவது கூப்பிடுவதாக இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன மருந்து, அதன் பெயர் என்ன? கட்டிலைப் பிரித்து இடுக்கில் அடிப்பீர்களா? இரண்டாம் முறை எப்போது வருவீர்கள்? பெரும்பாலான மருந்து முட்டைக்குள் போகாது. பொரிந்து வரும் குஞ்சுகளுக்காக இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை அடித்தே ஆக வேண்டும். ஒரே விசிட்டில் முடித்துத் தருகிறேன் என்கிறவருக்குப் பூச்சியைப் பற்றித் தெரியாது, அல்லது நம்மைப் பற்றி நன்றாகத் தெரியும். இன்னொன்று, கடையில் கிடைக்கும் ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை. அதற்கு மூட்டைப்பூச்சி பல நாடுகளில் பழகிப்போய்விட்டது. சாகாமல் பக்கத்து அறைக்குக் குடிபோகும், அவ்வளவுதான்.

எங்களுக்குக் கைகொடுத்தது வெயில். ஐம்பது டிகிரிக்கு மேல் நல்ல சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் கிடந்தால் பூச்சியும் முட்டையும் சேர்ந்தே போய்விடும். பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை ஓடும் அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடித் தளத்தில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. துணி, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் கறுப்புக் குப்பைப் பைகளில் தளர்வாகப் போட்டு, வாயை இறுகக் கட்டி, காலை பத்து மணிக்கு மாடியில் பரப்பி, மூன்று மணிக்குத் திருப்பிப் போட்டு, வெயில் இறங்கும்வரை விட்டோம். பையைத் திணித்து நிரப்பக் கூடாது. நிரப்பினால் நடுவில் சூடு ஏறாது, பூச்சி நடுவுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். பஞ்சு மெத்தைக்கு இந்த வித்தை செல்லாது. எங்கள் மெத்தையைத் தூக்கித்தான் போட்டோம். போடும்போது கத்தியால் கிழித்து, "மூட்டைப்பூச்சி" என்று மார்க்கரில் பெரிதாக எழுதிவைத்தோம். இல்லையென்றால் ராத்திரிக்குள் யாராவது பாவம் எடுத்துப் போய்விடுவார்கள்.

கட்டிலை மொத்தமாகக் கழற்றி, இடுக்கில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, காயவைத்து, ஆணி ஓட்டைகளை எம்-சீல் வைத்து அடைத்தோம். திரும்பப் பூட்டியபோது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, நான்கு காலுக்கும் கீழே வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணம் வைத்து, உள்ளே கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினோம். வழுக்கும் பரப்பில் இந்தப் பூச்சியால் ஏற முடியாது. காலையில் கிண்ணத்தைப் பார்த்தால் வீட்டில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். போர்வை தரையில் தொங்கினால் இத்தனையும் வீண், அதுவே ஏணி.

ஆனால் இதெல்லாம் எங்கள் போர்ஷனில் மட்டும் நடந்திருந்தால் ஒரு பயனும் இருந்திருக்காது. பக்கத்துப் போர்ஷனுக்கும் எங்களுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர், அதில் ஒயரிங் பைப் போகிற ஓட்டை. பக்கத்து வீட்டில் பையன் சொறிந்து சொறிந்து சிரங்காகிவிட்டது. சத்து மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்! மூட்டைப்பூச்சி என்பதை வெளியே சொல்ல எல்லாருக்கும் கூச்சம். அழுக்கு வீடு என்று நினைத்துவிடுவார்களாம். அதற்குச் சுத்தமும் தெரியாது, அழுக்கும் தெரியாது, மனித மூச்சும் உடம்புச் சூடும்தான் தெரியும். அந்தக் கூச்சத்தை உடைத்தவர் கீழ்வீட்டு அக்கா. காசிமேட்டில் மீன் எடுத்துவந்து தெருத்தெருவாக விற்பவர். மாடிப்படியில் என்னைப் பிடித்து, "இன்னா தம்பி, ராவு பூரா லைட்டு எரியுது? படிக்கிறியா, மூட்டப்பூச்சி நசுக்கிறியா?" என்று கட்டடமே கேட்கக் கேட்டார். அவர் வீட்டிலும் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறு போர்ஷனும் ஒரே நேரத்தில் கட்டிலைப் பிரித்தது. மாடியில் கறுப்புப் பை வைக்க இடமில்லை. அன்றைக்குப் பூட்டியிருந்த ஒரு வீட்டுக்காக இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு சுற்று.

கரப்பான் விஷயத்தில் இரண்டு சாதியைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ராத்திரி பாத்ரூமிலிருந்து வருகிற கட்டைவிரல் பருமனுள்ள பெரியது டிரெயினேஜ் வாசி. வெயில் காலத்தில் இது அதிகமாவதற்கு ஒரு காரணம் எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. பாத்ரூம் தரையில் தண்ணி போகிற ஓட்டைக்கு அடியில் இருக்கும் டிராப்புக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணி நிற்கும், அதுதான் கீழிருந்து வருவதைத் தடுக்கும் கதவு. யாரும் புழங்காத பாத்ரூமில் அந்தத் தண்ணி மே மாதத்தில் காய்ந்துபோகும். கதவு திறந்துவிடும். தினம் ஒரு சொம்பு தண்ணி ஊற்றி, மேலே சல்லடை மூடி போட்டால் பாதித் தொல்லை முடிந்தது. இதற்குச் செலவே இல்லை.

சமையலறையில் ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கத்தில், மிக்ஸிக்கு அடியில், கேஸ் அடுப்புக் கால்களுக்குள் ஓடுகிற சின்ன, வெளிர் பழுப்புக் கரப்பான் ஜெர்மன் வகை. இதுதான் ஆபத்தானது. பெரிய கரப்பானின் முட்டைப்பையில் பதினைந்து சொச்சம் இருந்தால் இதில் முப்பது நாற்பது. அதுவும் பொரிக்கப் போகும் கடைசி நேரம்வரை தாய் தன் வாலிலேயே சுமந்துகொண்டு திரியும். இதற்கு ஸ்ப்ரே அடிப்பது விரட்டிவிடுவதே தவிர ஒழிப்பது இல்லை. ஊசிக் குழாயில் வருகிற ஜெல்லைக் கடுகளவு பொட்டுப் பொட்டாக இடுக்குகளில் வைக்க வேண்டும். தின்றது கூட்டத்துக்குப் போய்ச் சாகும், அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்று மற்றதும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் அதன் வாசனைக்கே கரப்பான் கிட்ட வராது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் கூடுதல் பலன் என்று நினைப்பவர்கள் இரண்டு காசையும் விடுகிறார்கள்.

ஜெல் வாங்கக் காசில்லாதபோது எங்கள் தெருவிலேயே மருந்து இருந்தது. வடசென்னையில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு கேரம் கிளப் இருக்கும். ஆறு முழ அறையில், ஒரு குண்டு பல்புக்கடியில், வியர்வையோடு நான்கு பேர். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரிலிருந்து போன காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிவந்த பிறகு எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் கூட்டம் இன்னும் கூடியிருந்தது. அந்தப் பலகையில் தூவுகிற போரிக் பவுடர்தான் கரப்பானுக்கும் விஷம். நடக்கும்போது காலில் ஒட்டும், காலைச் சுத்தம் செய்ய வாயில் வைக்கும்போது உள்ளே போகும். மைதாவும் சர்க்கரையும் சேர்த்துப் பால் விட்டுப் பிசைந்து சின்ன உருண்டையாகவும் வைக்கலாம், காய்ந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகத் தூவவும் செய்யலாம். குவித்துக் கொட்டினால் சுற்றிக்கொண்டு போய்விடும். ஈரம் பட்டாலும் பயனில்லை. ஒன்று இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். பாக்கெட்டில் போரிக் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், கேரம் பவுடர் எல்லாமே போரிக் இல்லை. குழந்தை தவழ்கிற வீட்டில் இதைத் தொடவே வேண்டாம்.

எலிக்கு நான் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன்: வீட்டுக்குள் மருந்து கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்துவிட்டது. அதைத் தின்றவர்களுக்குக் கல்லீரல் போய்விடும், மாற்றுமருந்து கிடையாது. பாஸ்பைடு மாத்திரையும் தூளும் ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயுவைக் கிளப்பும். 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலிமருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனதைச் செய்தியில் எல்லாரும் பார்த்தோம். மூடிய ஏ.சி. அறையில் அந்த வாயு போக வழி ஏது? பொறிக்கூண்டு வாங்கி, மசால் வடை வைத்து, சுவரை ஒட்டி வையுங்கள். எலி நடு ஹாலில் நடக்காது. அதைவிட முக்கியம், சிங்க் பைப் சுவருக்குள் நுழையும் இடத்தில் சுண்டுவிரல் போகிற சந்து இருந்தால் ஸ்டீல் ஸ்கிரப்பரைத் திணித்து மேலே சிமென்ட் பூசுவது. வெறும் சிமென்டை ஈரத்திலேயே கொறித்துவிடும்.

கொசுவைப் பற்றிச் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. கேப்டன் காட்டன் கால்வாய்ப் பக்கம் வீடு எடுத்தால் வலை வாங்கத்தான் வேண்டும். ஒன்று மட்டும்: வெயில் காலத்தில் தண்ணி பிடித்து வைக்கிற டிரம்மைக் காலி செய்தால் போதாது, உள்சுவரை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசுவின் முட்டை தண்ணிக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தெருவில் தண்ணி தேங்கினால் மாநகராட்சியின் 1913-க்கு அடித்து, புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார் காற்றோடு போகும்.

இனி புத்தகம். புதுப் புத்தகம் வாங்கக் காசில்லை என்று ஆனதும் சார் தியாகராயா கல்லூரி மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் இறங்கினேன். பழைய மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோன பிறகு அங்கிருந்த கடைகள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்தன. ஊர் அதையும் மூர் மார்க்கெட் என்றே சொல்கிறது. அங்கே போகும்போது புத்தகத்தின் பெயரோடு மட்டும் போகாதீர்கள். எந்தப் பதிப்பு, எந்த அத்தியாயங்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். ஜாம் பாடத்திட்டமும் பழைய வினாத்தாள்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை வைத்துப் பார்த்தால் ஆயிரத்து முன்னூறு பக்கப் புத்தகத்தில் நமக்கு வேண்டியது பாதிதான் இருக்கும். ஆர்கானிக், ஃபிசிக்கல் இரண்டிலும் அடிப்படைப் பாடம் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. கணக்குகளின் வரிசை மாறும், அட்டையில் படம் மாறும், விலை மாறும். இரண்டு பதிப்பு பழையதை முன்னூறு ரூபாய்க்கு வாங்கினேன். புதுசு ஆயிரத்தைத் தாண்டும். ஸ்பெக்ட்ராஸ்கோப்பி மாதிரிச் சில பகுதிகளுக்கு மட்டும் புதிய பதிப்பு மேல், அதை நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நான் செய்வது: முதலில் பக்க எண்களை விரலால் ஓட்டிப் பார்ப்பேன். பதினாறு பதினாறு பக்கமாகக் கட்டிய புத்தகத்தில் ஒரு கட்டு விட்டுப்போய், இன்னொன்று இரண்டு முறை இருப்பது நடக்கும். அடுத்து, பின்னிணைப்பு அட்டவணையும் விடைகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன், கிழித்து எடுப்பது அவற்றைத்தான். அப்புறம் திருட்டுப் பதிப்பா என்று பார்க்க வேண்டும். தாள் மெல்லிசாக இருக்கும், பின்பக்க எழுத்து தெரியும். கதைப் புத்தகத்துக்கு அது பெரிய குறையில்லை. ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்கு உயிர் போகிற குறை. எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டுகிற வளைந்த அம்பின் முனை மங்கிப்போயிருந்தால் அந்தப் பக்கத்தில் படிக்க ஒன்றுமே இல்லை. கீழ்க்குறியில் 2 எது 3 எது என்று தெரியாது. விலை குறைவு என்று நம்பிக் கொடுத்த காசும் நஷ்டம். இந்திய மறுபதிப்பு வேறு, திருட்டுப் பதிப்பு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலும் பக்கத்து நாடுகளிலும் மட்டும் விற்க என்று அட்டையிலேயே அச்சிட்டு வருவது பதிப்பகமே போடும் மலிவுப் பதிப்பு. தாள் சுமார்தான், ஆனால் அம்பு தெளிவாக இருக்கும்.

பழைய புத்தகம் வாங்கினால் பூச்சியையும் சேர்த்து வாங்கும் வாய்ப்பு உண்டு. மூட்டைப்பூச்சியை விரட்டிய வீட்டுக்குள் மறுபடி அதை முதுகுப் பையில் சுமந்துவர எனக்குத் தெம்பில்லை. கெட்டி அட்டைக்கும் முதுகுத் துணிக்கும் நடுவே இருக்கும் பொள்ளல்தான் அதற்குப் பிடித்த இடம். ராமபாணப்பூச்சி வேறு ரகம். வெள்ளியாகப் பளபளத்துக்கொண்டு ஓடும், பசையையும் மாவுச்சத்தையும் தின்னும், பைண்டிங் பிரிவது அதனால்தான். புள்ளியாக ஊர்கிற வெளிர் பூச்சிகள் ஈரத்துப் பூஞ்சையைத் தின்பவை, புத்தகத்தைக் காற்றோட்டமாக வைத்தால் தானாகப் போய்விடும்.

வெயிலில் வைத்தால் பசை உருகித் தாள் பிரியும். அதனால் புத்தகத்துக்குக் குளிர்தான் சரி. காற்றுப் போகாத பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்தால் எல்லாம் முடிந்துவிடும். எங்கள் ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் ஐஸ் டிரே வைக்கவே இடம் போதாது. கீழ்வீட்டு அக்காவிடம்தான் மீன் வைக்கிற டீப் ஃப்ரீசர் இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். ஃபைபர் படகில் வருகிற கொஞ்ச மீன் அன்றைக்கே விற்றுப்போகும், பெட்டி பாதி காலிதான். போய்க் கேட்டேன்.

"இன்னாது, புஸ்தகத்த ஐஸ் பொட்டியில வெக்கணுமா? படிச்சுப் படிச்சு மண்ட சூடாயிடுச்சா தம்பி?"

"இல்லக்கா, பூச்சி சாகறதுக்கு."

"பூச்சி செத்தா சரி. என் மீனு நாத்தம் புஸ்தகத்துல ஏறுச்சுன்னா என்ன ஒண்ணும் கேக்கக் கூடாது, ஆமா."

இரண்டு கவர் போட்டேன், ஏறவில்லை. கானாங்கெளுத்திக்கும் ஐஸ் பாளத்துக்கும் நடுவே ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரியும் ஆர்கானிக்கும் நான்கு நாள் உறைந்து கிடந்தன. வெளியே எடுத்தவுடன் கவரைப் பிரிக்கக் கூடாது, அதுதான் இதில் சூட்சுமம். சென்னைக் காற்றின் ஈரம் முழுவதும் குளிர்ந்த தாளில் படிந்து பக்கங்கள் நெளிந்துவிடும். ஒரு நாள் அறைச் சூட்டில் அப்படியே விட்டுப் பிறகு பிரியுங்கள்.

வாங்கவே வேண்டாத புத்தகங்களும் உண்டு. எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-லிருந்து இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களின் ஒரு பிரதியைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று, ஆகவே இந்தியப் பதிப்புப் பாடநூல்களையும் அங்கே தேடலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் தனி இடம் இருக்கிறது, ஏ.சி.யோடு. பெரம்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்க இடம் கிடைக்கிறது. வண்ணாரப்பேட்டை மதிய வெக்கையில் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து தெர்மோடைனமிக்ஸ் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பஸ் காசு வீண்போகாது.

ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்ஸியும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல் இணைய வகுப்புகள் இலவசம். ஆனால் வீடியோ பார்ப்பது படித்த மாதிரி ஒரு மயக்கத்தைத் தரும். எனக்கு அவை பயன்பட்டது புத்தகத்தில் முட்டிக்கொண்ட இடங்களில் மட்டும்.

ஜெராக்ஸ் விஷயத்தில் எல்லாருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. 2016-ல் தில்லி உயர் நீதிமன்றம் தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை வழக்கில், பாடம் நடத்துவதற்காகப் புத்தகப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்துக் கொடுப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் இடம் உண்டு என்றது. அதை வைத்து முழுப் புத்தகத்தையும் அடித்து விற்கலாம் என்று அர்த்தமில்லை. சிக்கனக் கணக்காகப் பார்த்தாலும் முழுசாக அடிப்பது லாபமில்லை. பக்கம் ஒரு ரூபாய் என்றாலே ஆயிரத்து முன்னூறு பக்கத்துக்குப் புதுப் புத்தகமே வந்துவிடும். வேண்டிய நூறு பக்கத்தை எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொள்வதுதான் அறிவு.

ஜூன் மாதம் ரூம்மேட்டுகள் திரும்பியதும் வகுப்பில் ஜாம் எழுதுகிற ஆறு பேராகச் சேர்ந்தோம். ஆளுக்கொரு புத்தகம் வாங்குவது, பென்சிலில் மட்டும் கோடு போடுவது, ஞாயிறு தோறும் மாற்றிக்கொள்வது. மூன்றாவது விதிதான் நிற்கவில்லை. பரீட்சை நெருங்க நெருங்க ஆர்கானிக் யாரிடம் இருக்கிறதோ அவன் போனை எடுக்க மாட்டான். அதற்கு மட்டும் இரண்டாவது பிரதி வாங்க வேண்டிவந்தது. ஆறு பேரில் ஒருத்தி வீட்டிலும் மூட்டைப்பூச்சி என்று தெரிந்தபோது யாரும் அவளை விலக்கவில்லை, அவள் தரும் புத்தகம் மட்டும் கவரில் ஒட்டி வரும், நேரே கீழ்வீட்டுக்குப் போகும். தடைக்காலம் முடிந்து மீன் வரத்து கூடிய பிறகு அக்கா பெட்டியில் இடம் கொடுக்கவில்லை. "சீசன்ல வந்து புஸ்தகம்னா எப்டி தம்பி?" அவர் கேட்பதும் நியாயம்தான். டீப் ஃப்ரீசர் வைத்திருக்கும் ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தோம், உணவு வைக்கிற இடம் என்று மறுத்துவிட்டார். அதற்கப்புறம் வந்த புத்தகங்களைக் கவரோடு தனியாக வைத்து, இடுக்குகளை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பிரித்தோம்.

படித்து முடித்ததைத் திரும்ப விற்கும்போது கடையில் வாங்கிய விலையில் பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஜூனியரிடம் நேராகக் கொடுத்தால் முக்கால் விலை கிடைக்கும், அவனுக்கும் லாபம். எங்கள் ஆர்கானிக் புத்தகம் கைமாறியபோது வாங்கின பையன் முதலில் முதுகு அட்டையை விரித்து, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தான். அப்புறம்தான் பக்க எண்களை ஓட்டினான். முன்னூறுக்கு வாங்கியதை இருநூற்று இருபதுக்குக் கொடுத்தேன்.